அக்கா பையனோட 32 கேலிபர் மஸில்லோடர்: சுட்டா துணி நாரா வருது, ஏன்?

மில்லுக்காரர், ஓட்டேரி (செவ்வாய், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நான் துப்பாக்கி புடிச்சவன் இல்ல. பி அண்ட் சி மில்லுல நெசவு ஷெட்ல இருந்தவன். 1996ல மில்லு மூடினதுலேர்ந்து ஓட்டேரில வீட்டோட கெடக்கேன்.

என் அக்கா பையன் டென்னசியில இருக்கான். அங்க பழங்கால மாதிரி குழல் வாய்வழியா வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற ரைபிள் (மஸில்லோடர்னு பேராம்) ஒண்ணை உதிரி உதிரியா வாங்கி அவனே கோத்திருக்கான். 32 கேலிபர். ஈயக்குண்டை சும்மா போடறதில்லையாம், எண்ணெய் தடவின சின்னத் துணி நடுவுல வெச்சு துணியோடவே உள்ள தள்ளணுமாம். சுட்டா குண்டு போயிடும், துணி மட்டும் பத்துப் பதினைஞ்சு அடில விழுந்து கெடக்கும். அதைப் பொறுக்கி போட்டோ புடிச்சு அனுப்பி, "மாமா, நீதான துணிக்காரன், இது ஏன் கிழியுது சொல்லு" ன்றான்.

போட்டோவுல பாத்தா துணியே இல்ல, நாரு. ஓரமெல்லாம் கருகிப் போயிருக்கு. குண்டும் 25 கஜத்துல சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவுதாம். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா, அக்கா பையன் கேட்டு எனக்குப் பதில் தெரியலன்னா மானம் போவுது.

கொருக்குப்பேட்டை கோபி (செவ்வாய், 9.52)

32ல எதை சுடுவாங்க அண்ணே?

லான்காஸ்டர் தமிழன் (செவ்வாய், 10.15)

அணில். நிஜமாகத்தான். 32, 36 கேலிபருக்கு இங்கே அமெரிக்காவில் 'அணில் ரைபிள்' என்றே பெயர்.

கொருக்குப்பேட்டை கோபி (செவ்வாய், 10.17)

அணிலையா?! ராமர் தடவிக் குடுத்த மூணு கோடுப்பா அது!

லான்காஸ்டர் தமிழன் (செவ்வாய், 10.31)

இந்த ஊர் அணிலுக்குக் கோடு கிடையாது, அளவும் நம்மூர் அணில் இரண்டு மூன்று சேர்ந்தது. நான் அட்டையில் மட்டும்தான் சுடுகிறேன், என் அம்மா தண்டையார்பேட்டையில் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருவோம். 32 கேலிபர் என்றால் குழல் துளை .32 அங்குலம். அதற்குப் போடும் குண்டு .310 அங்குலம், அதாவது 7.87 மில்லிமீட்டர், எடை 2.9 கிராம். 50 கேலிபர் குண்டு 11.4 கிராம் வரும். கால் பங்குதான் இது. குண்டு சின்னது, துளை சின்னது என்பதால் சின்னத் தப்பெல்லாம் பெரிதாகத் தெரியும். 50ல் மன்னிக்கிற துப்பாக்கி 32ல் மன்னிக்காது.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வையுங்கள். குண்டு குழலைத் தொடுவதே இல்லை. குழலுக்குள் முறுக்காக ஓடும் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றுவது துணிதான். மருந்து வெடித்துக் கிளம்பும் அனல்காற்று குண்டைத் தாண்டி முன்னால் ஓடாமல் அடைப்பதும் துணிதான். சரியாக உட்கார்ந்த குண்டை வெளியே இழுத்துப் பார்த்தால் ஈயத்தின் மேல் துணியின் நெசவு அச்சாகப் பதிந்திருக்கும், பாவும் ஊடையும் எண்ணலாம். துணி வழியில் கிழிந்தால் சுழற்சியும் போச்சு, அடைப்பும் போச்சு. அதனால் அக்கா பையன் துணியைப் பொறுக்கிப் பார்த்தது சரியான வேலை. இலக்கு அட்டையைவிட அதிகம் பேசும்.

நெறியாளர் (புதன், காலை 7.05)

இந்த இழை போகும் போக்கு நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒரு வார்த்தை. வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 'பழசுதானே' என்ற சமாதானம் ஸ்டேஷனில் எடுபடாது. இங்கே பேசுவது அமெரிக்காவில் சட்டப்படி வைத்திருக்கும் ஒருவரின் துப்பாக்கியைப் பற்றி. மருந்து எப்படிக் கலப்பது என்று கேட்டு வந்த இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். மூன்றாவது வந்தால் கணக்கையும் எடுப்பேன்.

வியாசை லேத் (புதன், 8.20)

நைனா, துணிய அப்புறம் பாக்கலாம். ரெண்டு கேள்வி. கிழிசல் கன்னாபின்னான்னு கீதா, இல்ல கோடு கோடா கீதா? கோடுன்னா எத்தினி? குழல்ல பள்ளம் எத்தினி?

மில்லுக்காரர், ஓட்டேரி (புதன், 9.10)

இப்பத்தான் கேட்டேன், அங்க ராத்திரி, திட்டிட்டே எழுந்து எண்ணினான். குழல்ல ஏழு பள்ளம். துணியில முழுசா தெரியறது அஞ்சு கீறல், மிச்சம் கருகிப் போனதால தெரியல. கீறலுக்கு நடுவுல இடைவெளி ஒரே அளவு.

வியாசை லேத் (புதன், 9.14)

அவ்ளோதான். வாய் ஓரம்.

புது குழலு, கம்பெனில முனைய கடைஞ்சு அப்டியே உட்ருப்பான். பள்ளத்துக்கு நடுவுல மேடு கீதுல்ல, அந்த மேடு வாய்கிட்ட வந்து முடியற இடம் பிளேடு மாதிரி நிக்கும். குண்டு உள்ள போறப்பவே துணிய அறுத்துடும். சுட்டப்புறம் கிழியல, சுடறதுக்கு முன்னாடியே கிழிஞ்சாச்சு.

லான்காஸ்டர் தமிழன் (புதன், இரவு 7.30)

அனுமானமாக விடாமல் சோதித்துப் பார்த்துவிடலாம். மருந்தே போடாத துப்பாக்கி. காலி என்பதை, குண்டை இறக்கும் கம்பியை உள்ளே விட்டு அளந்து உறுதி செய்த பிறகு, துணி சுற்றிய குண்டை ஒரு விரற்கடை மட்டும் உள்ளே அழுத்தி, குண்டு இழுக்கும் திருகாணியைக் கம்பி முனையில் மாட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் துணியிலேயே கீறல் இருந்தால் லேத் நண்பர் சொன்னது சரி. கீறல் இல்லையென்றால் கோளாறு உள்ளே.

காசிமேடு வலைக்காரன் (புதன், 8.05)

குண்டு எந்த ஈயம் அண்ணாத்த? அத யாருமே கேக்கல.

எங்க வலைக்கு கட்ற ஈயத்த நாங்களே உருக்கி ஊத்துவோம், அதுனால சொல்றேன். சுத்த ஈயம்னா நகத்தால கீறினா கோடு விழும், தரையில போட்டா 'தொப்'புன்னு விழும், மணி மாதிரி ஒலிக்காது. பழைய பேட்டரி தட்டு ஈயத்துல வேற சரக்கு கலந்து கீது, கெட்டியா இருக்கும், உருக்கறப்ப வர்ற புகையும் விஷம், அந்த பக்கமே போவாதீங்க. வண்டி சக்கரத்துல பேலன்சுக்கு ஒட்ற ஈயமும் கெட்டிதான். அச்சு ஒண்ணா இருந்தாலும் கெட்டி ஈயம் ஆறினா சுத்த ஈயம் அளவுக்கு சுருங்காது. ஒரு முடி அளவு பெருசா நிக்கும். உள்ள போவாம மல்லுக்கட்டுனா துணிதான மாட்டும்?

இன்னொண்ணு, உருக்கற சட்டியில ஒரு சொட்டு தண்ணி வுழுந்தா ஈயம் மூஞ்சிக்கு வரும். ஈயம் தொட்ட கையோட டீ குடிக்காத. இது துப்பாக்கிக்கு இல்ல, பொதுவா.

மில்லுக்காரர், ஓட்டேரி (வியாழன், காலை 6.50)

கடைக் குண்டுதான் தம்பி, சுத்த ஈயம்னு டப்பாவுல போட்டிருக்காம்.

வியாசை தம்பி, நீ சொன்னதுதான் நடந்திருக்கு. மருந்து இல்லாம சும்மா அழுத்தி எடுத்த துணியிலயும் ஏழு கீறல், எண்ணி ஏழு. போட்டோ பாத்தேன், கத்தரிக்கோல்ல வெட்டின மாதிரி.

வியாசை லேத் (வியாழன், 7.30)

சொன்னேன்ல. இப்ப லேத்துல மாட்றேன்னு எவன்கிட்டயாவது குடுத்து கெடுக்க வாணாம். நல்ல எமரி பேப்பர் ஒரு துண்டு, வாய் மேல வெச்சு, கட்டை விரல் சதையால அழுத்தி அப்டி இப்டி திருப்பு. குழல அப்பப்ப கால் சுத்து திருப்பிக்கணும், இல்லாட்டி ஒரு பக்கமா தேயும். விரல் சதை மெத்துன்னு கீதுல்ல, அதுவே உள்ள பிதுங்கி மேட்டு முனைய மட்டும் மழுக்கும். அவசரமே வாணாம். பாக்க பளபளன்னு ஆவணும், கூர் தெரியக்கூடாது. குழலுக்குள்ள தூள் போவாம மொதல்ல துணி அடைச்சுக்கணும்.

புது குழலுக்கு உள்பக்கமும் கொஞ்சம் ராவா இருக்கும். பாத்திரம் தேய்க்கிற பச்ச நாரு இருக்குல்ல, அத கம்பி முனையில சுத்தி எண்ணெய் போட்டு ஒரு அம்பது வாட்டி மேலயும் கீழயும் இழுத்தா சரியா பூடும்.

ராயபுரம் பழைய ஸ்டேஷன் (வியாழன், 11.20)

துணியும் மருந்தும் பேசுகிற இழை வட சென்னையில் ஓடுவது பொருத்தம்தான். புளியந்தோப்பு பவுடர் மில்ஸ் ரோட்டில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது என்ன பவுடர் என்று தெரியும்? முகத்துக்குப் பூசுகிற பவுடர் இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காலத்து வெடிமருந்து ஆலை. கறுப்பு மருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அந்த வெடியுப்பைக் கம்பெனி பெரும்பாலும் பீகார்ப் பக்கத்திலிருந்து எடுத்தது. துணிக்கு வண்ணாரப்பேட்டை, பெயரே சொல்லும்: கம்பெனி வாங்கிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம். ஆக, அக்கா பையன் சிரமப்படுகிற இரண்டு சரக்கும் நம்ம பேட்டை சரக்கு.

துணி சுற்றும் வேலையை அமெரிக்காவில் பரப்பியவர்கள் பென்சில்வேனியா பக்கம் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள். லான்காஸ்டர் நண்பர் அந்த ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறார். பிரிட்டிஷ் ராணுவம் 1800ல் எடுத்துக்கொண்ட பேக்கர் ரைபிளுக்கும் எண்ணெய்த் துணி சுற்றிய குண்டுதான், ஆரம்பத்தில் அதை அடித்து இறக்கச் சின்ன மரச் சுத்தியல்கூடக் கொடுத்தார்கள். குழலில் பள்ளமே இல்லாத சாதா மஸ்கெட் வைத்திருப்பவன் மூன்று முறை சுடும் நேரத்தில் ரைபிள்காரன் இரண்டு சுடுவதே பெரிய விஷயம். அந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்ததுதான் அடிப்பக்கம் குடைந்த மினியே குண்டு, 1849. அதே வழியில் 1853 என்ஃபீல்டு வந்தது. அதன் தோட்டாக் காகிதத்தில் தடவிய கொழுப்பு எந்த மிருகத்தது என்ற கேள்வி 1857ல் எங்கே போய் முடிந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம்.

மில்லுக்காரர், ஓட்டேரி (ஞாயிறு, காலை 10.05)

வாய் ஓரம் சரியாச்சு. சும்மா அழுத்தி எடுத்தா துணியில ஒரு கீறல் இல்ல. ஆனா மருந்து போட்டு சுட்டா இப்ப வேற மாதிரி. கீறல் இல்ல, நடுவுல வட்டமா ஓட்டை. ஓட்டையோட ஓரம் கெட்டியா, பிசின் மாதிரி. இது என்னாப்பா புது தலைவலி?

வியாசை லேத் (ஞாயிறு, 10.30)

கணக்கு ஒண்ணு போடு நைனா. துளை 320 தவ் (அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தவ்). பள்ளம் ஒரு பக்கம் 10 தவ் ஆழம்னு வெச்சிக்கோ. பள்ளத்து அடில அளந்தா 340. குண்டு 310. மிச்சம் 30, ஒரு பக்கத்துக்கு 15 தவ். மில்லிமீட்டர்ல 0.38. துணி அதவிட மெல்லிசா இருந்தா பள்ளத்து வழியா அனலு பிச்சிகினு முன்னாடி ஓடும், துணிய சுட்டுடும். துணிய மைக்ரோமீட்டர்ல அளக்க சொல்லு. வெர்னியர் வாணாம், துணிக்கு அது பொய் சொல்லும். நல்லா அழுத்தி அளக்கணும்.

லான்காஸ்டர் தமிழன் (ஞாயிறு, இரவு 8.40)

நடுவில் எரிந்த ஓட்டை என்றால் வழக்கமாக மூன்று காரணம்: துணி மெல்லிசு, எண்ணெய் போதவில்லை, மருந்து அதிகம். மருந்து எவ்வளவு போடுகிறார்? என்னுடைய 32க்கு மூன்று எஃப் என்கிற நுண்ணிய கறுப்பு மருந்துப் பொடி 20 கிரெயின்தான், அதாவது 1.3 கிராம். நம்மூர்க் கணக்கில் பத்துக் குண்டுமணி எடை. எல்லாத் துப்பாக்கிக்கும் இதுவே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, குழல் செய்தவர் கொடுத்த அளவைத் தாண்டக் கூடாது. இந்தக் காலத் தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குழல் வெடிக்கும்.

இன்னொன்று, மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டக் கூடாது. உள்ளே முந்தைய சூட்டின் கங்கு கிடந்தால் கொம்பே கையில் வெடிக்கும். தனி அளவுக் குப்பியில் ஊற்றி, அதிலிருந்துதான்.

ஆனால் அந்த 'பிசின் மாதிரி' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பருத்தி கருகினால் பிசினாகாது.

மில்லுக்காரர், ஓட்டேரி (ஞாயிறு, 9.20)

அடக் கடவுளே.

காலம்பூரா துணியோட கெடந்தவன், எனக்குத் தோணலியே. அவன்கிட்ட உடனே போன் போட்டு, அந்தத் துணியில ஒரு நூல உருவி அடுப்புல காட்டுடான்னேன். பருத்தின்னா பேப்பர் எரியற வாசம் வரும், சாம்பல் ஊதினா பறக்கும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகி முனையில கருப்பு மணி நிக்கும். வீடியோ கால்ல காட்டினான். கருப்பு மணி! பழைய தலகாணி உறைய வெட்டியிருக்கான் படுபாவி, கலப்படத் துணி. அது குழலுக்குள்ள உருகியிருக்கு.

வியாசை லேத் (ஞாயிறு, 9.22)

ஹாஹா. நைனா மானம் கப்பலேறிச்சு.

மில்லுக்காரர், ஓட்டேரி (திங்கள், மாலை 6.30)

ஏறட்டும், பரவால்ல. இப்ப துணியப் பத்தி நான் பேசறேன், நீங்க கேளுங்க.

வேண்டியது நெருக்கமா நெஞ்ச நூறு சதவீதப் பருத்தி. நம்மூர்ல பஞ்சு மெத்தைக்கு உறை தைப்பாங்களே கோடு போட்ட கெட்டித் துணி, அதுதான் சரி. பஞ்சு வெளிய வராம இருக்கறதுக்காகவே நெஞ்ச துணி அது, அனலும் சுலபமா வெளிய வராது. நாங்க நெஞ்ச காக்கி டிரில்லும் தாங்கும், ஆனா அதுல சாய்வுக் கோடு ஓடும், ஒரு பக்கம் இழுத்தா கூட நீளும். சாதா நெசவே நல்லதுன்னு என் புத்திக்குப் படுது.

முக்கியமா ஒண்ணு. புதுத் துணிய அப்படியே வெட்டாதே. தறியில பாவு நூல் அறாம இருக்க கஞ்சி போடுவோம். மாவும், மெதுவாக்கறதுக்கு ஆட்டுக் கொழுப்பும் சேர்த்துக் காய்ச்சின கஞ்சி. அது துணியில இருக்கற வரைக்கும் எண்ணெய் உள்ள இறங்காது, மேலயே வழுக்கிக்கிட்டு நிக்கும். சுடுதண்ணியில சோப்புப் போட்டு ரெண்டு தரம் துவைச்சு வெயில்ல காயவெச்சா கஞ்சி போவும், துணியும் சுருங்கி இன்னும் நெருக்கமாவும். அப்புறம் அளக்கணும், அப்புறம் வெட்டணும். துவைக்கறதுக்கு முன்னாடி அளந்த அளவு அளவே இல்ல.

இன்னிக்கு மத்தியானம் எம்.சி. ரோட்டுல அலைஞ்சு ரெண்டு மீட்டர் வாங்கிட்டேன். கடைக்காரப் பையன் 'எத்தனை மெத்தைக்கு சார்'னான். என்னத்த சொல்ல.

லான்காஸ்டர் தமிழன் (திங்கள், இரவு 7.15)

கஞ்சி விளக்கம் அருமை ஐயா. 'துணியைத் துவைத்துப் பயன்படுத்து' என்று இங்கே எல்லாக் கிழவர்களும் சொல்வார்கள், ஏன் என்று ஒருவரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

எண்ணெய்க்கு: பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம், கறுப்பு மருந்தோடு சேர்ந்து தார் மாதிரி பிடிக்கும். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் கலந்தது நல்லது. பலர் எச்சிலைத் தொட்டுத்தான் போடுகிறார்கள், உடனே சுடுவதாக இருந்தால் சரி, வைத்திருந்தால் ஈரம் மருந்தைக் கெடுக்கும். இன்னொரு கூட்டம் லேத்தில் ஊற்றும் தண்ணீரில் கரையும் எண்ணெயை ஒரு பங்குக்கு ஆறேழு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் காயவைத்துப் போடுகிறது.

வியாசை லேத் (திங்கள், 7.20)

கூலண்டா!! பால் மாதிரி ஆவுமே, அதா? எங்க பட்டறையில டிரம் டிரம்மா கீது. துணியோட அதையும் ரெண்டு லிட்டர் அனுப்பு நைனா.

கொருக்குப்பேட்டை கோபி (திங்கள், 7.41)

துணி லூசா இருந்தா குண்டையே கொஞ்சம் பெருசா போட்டா ஆவாதா? எதுக்கு இவ்ளோ ரோதனை.

லான்காஸ்டர் தமிழன் (திங்கள், 8.02)

ஆகும். .315 குண்டும் மெல்லிய துணியும் போட்டு நன்றாகச் சுடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

வியாசை லேத் (திங்கள், 8.10)

நான் ஒத்துக்கமாட்டேன். குண்டு சின்னது, துணி தடிப்பு, அதான் கரெக்ட். பள்ளத்த ரொப்பறது துணி வேலை, ஈயத்து வேலை இல்ல. பெரிய குண்ட இறக்க கம்பிய போட்டு குத்தினா குண்டு மூஞ்சி சப்பையாவும்.

லான்காஸ்டர் தமிழன் (திங்கள், 8.25)

அட்டையில் ஓட்டை ஒன்றாக விழுந்தால் எனக்கு ஈயத்து வேலையா துணி வேலையா என்ற கவலை இல்லை நண்பரே.

காசிமேடு வலைக்காரன் (திங்கள், 8.31)

ரெண்டு பேரும் டீ குடிங்க.

மில்லுக்காரர், ஓட்டேரி (மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, காலை 9.00)

பார்சல் போய்ச் சேந்துச்சு. துவைச்சு அளந்தா 17 தவ். முதல் நாலு குண்டு அழகாப் போச்சாம், போட்டோவுல நாலு ஓட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள அடங்குது. பொறுக்கின துணி முழுசா இருக்கு, நடுவுல வட்டமாப் புகைக் கறை, ஓரம் மட்டும் பிசிறு. திரும்பப் போடலாம் போல இருக்கு.

அஞ்சாவது குண்டு பாதியில சிக்கிடுச்சு. பலமா அழுத்தியிருக்கான், மரக் கம்பி ஒடிஞ்சு உள்ளங்கையில குத்திடுச்சு. மூணு தையல். அக்கா காலைலேர்ந்து என்னைத்தான் திட்டறா, துணி அனுப்பினவன் நானாம்.

லான்காஸ்டர் தமிழன் (ஞாயிறு, இரவு 7.50)

அடடா. கை சீக்கிரம் ஆறட்டும். தப்பு துணியில் இல்லை, இதை நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும்.

கறுப்பு மருந்து எரிந்தால் பாதிக்கு மேல் ஆவியாவதில்லை, திடப்பொருளாகவே மாறுகிறது. கொஞ்சம் புகையோடு போனாலும் மிச்சம் குழலில் படியும். 50 கேலிபர் துளையின் பரப்பு 32ஐப் போல் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு, அதில் நான்கைந்து சூட்டுக்கு இடம் இருக்கும். 32ல் இருக்காது. ஒவ்வொரு சூட்டுக்கும் நடுவில் லேசாக ஈரமாக்கிய துணியை ஒரு முறை விட்டு எடுக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைத்தால் அழுக்கு கீழே போய் மருந்து அறையில் சேறாகும்.

கம்பி: 32க்குள் போவது கால் அங்குலக் கம்பிதான்.

வியாசை லேத் (ஞாயிறு, 7.58)

ரெண்டு நூல் மரக்குச்சி. அத நடுவுல புடிச்சு அழுத்தினா ஒடியாம இன்னா பண்ணும். குழல் வாயிலேர்ந்து ஒரு சாண் மேல புடி, ஒரு சாண் இறக்கு, மறுபடி புடி. வீட்டுல சுடறப்ப இரும்புக் கம்பி வெச்சுக்கட்டும், வாய் ஓரம் தேயாம பித்தளை வளையம் ஒண்ணு போட்டு.

லான்காஸ்டர் தமிழன் (ஞாயிறு, 8.10)

அதேதான். கம்பியில் ஒரு கோடும் போடச் சொல்லுங்கள், மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்தால் குழல் வாயில் எந்த இடம் வருமோ அங்கே. குண்டு மருந்தின் மேல் ஒட்டி உட்காராமல் நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் அந்த இடத்தில் வளையமாகப் புடைக்கும், கெட்ட நேரமென்றால் வெடிக்கும். அந்தச் சிக்கிய குண்டைச் சுட்டு வெளியேற்றப் பார்க்கவில்லையே?

மில்லுக்காரர், ஓட்டேரி (ஞாயிறு, 8.40)

இல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவர் இதே ஆட்டக்காரராம், அவர் வந்து தண்ணி ஊத்தி மருந்த நனைச்சுட்டு, திருகாணி போட்டு குண்டை இழுத்திருக்கார். கையில கட்டோட இவன் பாத்துட்டு நின்னிருக்கான். அப்புறம் சுடுதண்ணியும் சோப்பும் ஊத்திக் கழுவி, எண்ணெய் தடவித்தான் வெச்சிருக்கான்.

காசிமேடு வலைக்காரன் (ஞாயிறு, 8.52)

கழுவினது நல்லது. அந்த அழுக்கு உப்பு மாதிரி ஈரத்த இழுக்குமாமே. எங்க பக்கம்னா ஒரே ராத்திரில துருவ சுரண்டணும், கடல் காத்து.

மில்லுக்காரர், ஓட்டேரி (ஞாயிறு, 9.15)

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் துணியத் தொட்டுப் பாத்துட்டு, இது எந்த மில்லுன்னு கேட்டாராம். இன்னும் நாலு மீட்டர் கிடைக்குமான்னும் கேட்டிருக்கார். நாளைக்கு எம்.சி. ரோடு போறேன். வியாசை தம்பி, கூலண்ட் பார்சல்ல எடுத்துக்க மாட்டாங்களாம், நீ டிரம்ல கை வைக்காத.